தியாம் சூவுக்கு விழுந்த ஏழு

பாகான் தெபிங் சந்தைக்குப் போய் "பெக் ஹூன் எங்கே?" என்று கேட்டால் எல்லாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். "தவ்கே விக்கிற தியாம் சூ பொண்டாட்டி" என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கமிருந்து ஒரே கடையைக் கை காட்டுவார்கள். தவ்கே என்கிற முளைகட்டிய பயறு ஒரு தொட்டி, தோஃபூ ஒரு தட்டு, பழைய தராசு ஒன்று, அதற்குப் பின்னால் ரப்பர் செருப்போடு நிற்கும் ஐம்பத்தெட்டு வயசுப் பெண்மணி. அவள்தான்.

கடை புருஷனுடையது. இருபத்து மூன்று வயசில் கல்யாணமாகி வந்த மறுவாரமே அவளை அந்தத் தராசுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, யோ தியாம் சூ எதிர்த்த காப்பிக் கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! காலையில் திறந்தால் சந்தை கலையும்வரை மூடாது. நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும், நாலு பேர் தன் பேச்சுக்குச் சிரிக்க வேண்டும். அதுதான் அவருக்குச் சோறு.

அப்படிப்பட்ட மனுஷனுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஓர் ஆசை. கலசக்காரராக வேண்டும்.

சீன நாள்காட்டியில் ஏழாம் மாதம் ஆவிகளுக்குக் கதவு திறந்துவிடுகிற மாதம். அந்த மாதத்தில் மூன்று நாள் சந்தைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கொட்டகை போட்டு, ஆவிகளை அடக்கியாளும் தாய் சூ யா சாமியைக் காகிதத்தில் இரண்டு மாடி உயரத்துக்கு நிறுத்திக் கொண்டாடுவார்கள். சாமியின் தூபக் கலசம் அடுத்த வருஷம் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதைச் சாமியேதான் சொல்லும். கலசம் இருக்கும் வீட்டுக்கு அந்த வருஷம் குறை வராது என்பது நம்பிக்கை. அதைவிடப் பெரிய விஷயம், ஊர்வலத்தில் கலசத்தை ஏந்தி முன்னால் நடப்பவரின் தலைக்கு மேல் ஒருத்தர் மஞ்சள் குடை பிடித்துக்கொண்டே வருவார். தியாம் சூவுக்கு அந்தக் குடை மேல்தான் கண். அதற்கென்றே ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்தார்.

சாமி சொல்வது பிறைக்கட்டைகளின் வழியாக. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை என்று இரண்டு மரக்கட்டைகள். ஒவ்வொரு கடைக்காரர் பெயராகக் கூப்பிட்டு, கட்டைகளைத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையாகவும் ஒன்று உருண்டையாகவும் விழுந்தால் ஆமாம். இரண்டும் தட்டையாக மேலே பார்த்தால் சாமி சிரிக்கிறது. இரண்டும் உருண்டை என்றால் இல்லை, போய் வா. ஆமாம் விழுந்துகொண்டிருக்கும்வரை போட்டுக்கொண்டே இருக்கலாம், வேறு எது விழுந்தாலும் அடுத்த ஆள். தொடர்ந்து அதிகமாக ஆமாம் வாங்குகிறவருக்குக் கலசம்.

இருபத்தாறு வருஷத்தில் தியாம் சூ வாங்கியது அதிகபட்சம் இரண்டு. பெரும்பாலும் முதல் போடிலேயே சாமி சிரித்துவிடும். "சாமிக்குக்கூட உன்னைப் பாத்தா சிரிப்புதான் வருது" என்று காப்பிக் கடையில் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், அதே காப்பிக் கடையில் ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். அவர் பாதியில் நிறுத்துகிற ஆளே இல்லை என்பதால்தான் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. பெக் ஹூன் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுத்தான் அவரை அனுப்பி வைத்தாள்.

நான் சொல்ல வந்தது அதற்கப்புறம் நடந்த கதை.

அவர் போய் நாலு மாசத்தில் ஏழாம் மாதம் நெருங்கியது. சந்தைக்காரர்கள் சங்கத்தின் பழைய செயலாளர், திருவிழாவில் கூப்பிடப்போகும் பேர்கள் எழுதிய சந்தா நோட்டோடு கடை கடையாக வந்தார். தலையைத் தூக்காமலே, "எப்பவும் போலத்தானே?" என்றார். பெக் ஹூன் வாடிக்கையாளருக்குத் தவ்கே அள்ளிக்கொண்டிருந்தவள், "எப்பவும் போலத்தான்" என்று சொல்லிவிட்டாள். ஒரு திட்டமும் இல்லை. கையில் வேலை, வாயில் வந்தது.

திருவிழாவின் கடைசி நாள் மத்தியானம் கொட்டகையின் ஓரத்தில் மற்ற பெண்களோடு உட்கார்ந்து, ஆவிகளுக்கு எரிக்கத் தங்கக் காகிதம் மடித்துக்கொண்டிருந்தாள். பேர் கூப்பிடும் சடங்கில் ஆண்களுக்குத்தான் வேலை. பெண்கள் காகிதம் மடிப்பார்கள், பழம் அடுக்குவார்கள், படையலுக்குச் சமைப்பார்கள். அப்போது ஒலிபெருக்கியில், "யோ தியாம் சூ!" என்று ஒரு குரல்.

அவளுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. கட்டை விழுந்தது. இரண்டும் உருண்டை. அடுத்த பேருக்குப் போய்விட்டார்கள். அவ்வளவுதான். மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் அழுதாளே, சாவு வீட்டில்கூட அப்படி அழவில்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி அவர் பேரை யாரோ கூப்பிட்டார்கள், உயிரோடு இருக்கிற மற்ற எல்லாரையும் கூப்பிடுவது போலவே.

அடுத்த வருஷம் தெரிந்தேதான் சொன்னாள், "எப்பவும் போல."

அதே கொட்டகையில், பத்தடி தள்ளி, செத்தவர்களுக்கான மேஜை இருந்தது. அங்கேயும் மஞ்சள் சீட்டில் அவர் பேரை எழுதி ஒட்டினாள். காகிதச் சட்டை, காகிதக் கைக்கடிகாரம் எல்லாம் வாங்கி எரித்தாள். அங்கே செத்தவர், இங்கே கடைக்காரர். தப்பு என்று தெரியாமல் இல்லை. எடை கூடட்டும் என்று தவ்கேயில் தண்ணீர்கூடத் தெளிக்காத பெண் அவள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனசு கேட்கவில்லை. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

அத்தனை பேரைக் கடகடவென்று கூப்பிடுகிற இரைச்சலில் அவரவருக்கு அவரவர் பேர்தான் காதில் விழும். கோழிக்கடை மொய் மட்டும் கண்டுபிடித்துவிட்டாள். "ஏய், உன் புருஷன் பேரைக் கூப்பிடுறாங்கடி."

"காதுல விழுந்துச்சு."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"நீ காகிதத்தை மடி."

மொய்யும் மடித்தாள். அதோடு சரி.

பழைய செயலாளர் மகள் வீட்டோடு ஈப்போவுக்குப் போய்விட, போன் உறை விற்கிற வெய் கியாட் அந்தப் பொறுப்புக்கு வந்தான். சந்தைக்கு வந்தே ஐந்து வருஷம்தான். யோ தியாம் சூ என்றால் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிற பெரியவர் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். ஒரு புத்தாண்டுக்கு எட்டு ஆரஞ்சு கொண்டுவந்து, "அங்கிளுக்குக் குடுங்க ஆன்ட்டி, உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்றான். அவள் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் வந்தது வினை.

கடைசி நாள் மத்தியானம். ஊதுபத்திப் புகையில் கண் எரிகிறது. தாய் சூ யா நீல முகமும் முட்டைக் கண்ணுமாக எல்லாரையும் முறைத்துக்கொண்டு நிற்கிறார். ஆவிகளும் பார்க்க நாடகம் போடும் கொட்டகையில் முன்வரிசை நாற்காலிகள், கண்ணுக்குத் தெரியாதவர்களுக்காக, வழக்கம்போலக் காலி. கட்டை போடுவது சங்கத் தலைவர் கோங் சான், பன்றிக்கறிக் கடை முதலாளி. எழுபத்து நாலு வயசு, காது மந்தம். யார் பேரைக் கூப்பிடுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குக் கேட்காது. வெய் கியாட் கையைக் காட்டினால் போடுவார், அவ்வளவுதான்.

நாற்பது பேர் முடிந்திருந்தது. மீன்கடை ஆ லாய்க்கு ஐந்து விழுந்திருந்தது. அவன் அதற்குள் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, "பூஜை மேடையைத் துடைச்சு வை, கலசம் வருது" என்று சொல்லியாகிவிட்டது.

"யோ தியாம் சூ!"

ஆமாம். சரி, ஒன்று விழத்தான் செய்யும். மறுபடி ஆமாம். மூன்று. பெக் ஹூனின் கையில் காகிதம் அப்படியே நின்றது. நாலு. கூட்டம், யார் பேர் என்றுகூடக் கவனிக்காமல், எண்ண ஆரம்பித்தது. ஐந்து. ஆ லாய் எழுந்து முன்னால் வந்தான். ஆறு. சந்தையே ஓவென்று கத்தியது. ஏழு! எட்டாவது போடில்தான் சாமி சிரித்தது.

பெக் ஹூன் தன்னையறியாமல் மொய்யின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஏழுடி! அவருக்கு ஏழு!" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு. மொய் சிரிக்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யோ தியாம் சூ அங்கிள்!" வெய் கியாட் மைக்கில் அலறினான். "அங்கிளால வர முடியாது, எல்லாருக்கும் தெரியும். ஆன்ட்டி, நீங்க வாங்க!"

கோங் சான் கையைக் காதில் குவித்து, "யாருக்குடா விழுந்துச்சு?" என்றார்.

"யோ தியாம் சூ, தலைவரே! தவ்கே கடை!"

கிழவர் கையிலிருந்த கட்டைகள் கீழே விழுந்தன. "அடப் பாவி, அவன் செத்து ஒம்பது வருஷமாச்சேடா! நானே போய்ப் பத்தி ஏத்திட்டு வந்தேனே!"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் அது தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

ஏழாம் மாதம், ஆவிகளின் ராஜா முன்னால், செத்தவனைப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று அம்மாக்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்கள். வெய் கியாட்டுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ஆன்ட்டி... அப்ப நான் குடுத்த ஆரஞ்சு?"

"நான்தான் சாப்பிட்டேன்" என்றாள் பெக் ஹூன். "நல்லா இனிப்பா இருந்துச்சு."

எங்கேயோ ஒருத்தர் களுக்கென்று சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார். ஆ லாய்க்குச் சிரிப்பு வரவில்லை. "என்ன அண்ணி இது? செத்தவர் வந்து கலசத்தைத் தூக்குவாரா? ஊருக்கு ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" என்றார் கோங் சான்.

"நீங்க யாரும் கேக்கலையே அண்ணே. எப்பவும் போலத்தானேன்னு கேட்டாங்க. ஆமான்னேன்."

"அதோ அங்க செத்தவங்க மேஜையில அவன் பேரை நீதானே ஒட்டியிருக்கே?"

"ஆமா."

"அப்ப இங்கயும் அவன் பேரு, அங்கயும் அவன் பேரா?"

அவளுக்குக் காதுமடலெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு மெல்ல, "விழுந்தது எங்க கடைக்குத்தானே அண்ணே" என்றாள். "கலசம் எங்க வீட்டுக்கு வரட்டும். நான் பாத்துக்கறேன்."

"பொம்பளைக்கு எப்பக் கலசம் போச்சு?" ஆ லாய் எகிறினான்.

மொய் அதுவரை பொத்தியிருந்த வாயைத் திறந்தாள். திறந்தால் அவ்வளவு சீக்கிரம் மூடாது. "பொம்பளை மடிச்ச காகிதம் வேணும், பொம்பளை அவிச்ச கோழி வேணும், கலசம் மட்டும் தீட்டுப் பட்டுருமா? நீ மூணு நாளா என்னத்தைக் கிழிச்சே? ஐஸ் பெட்டி மேல உக்காந்து பீர் குடிச்சதைத்தானே நான் பாத்தேன்!"

"இவ ஒருத்தி, கோழி மாதிரியே கத்துவா."

"மீன் மாதிரி நாறுறதுக்கு இது பரவாயில்ல!"

கோங் சான் கையை உயர்த்தினார். கிழவருக்குக் காது மந்தமே தவிர மூளை மந்தமில்லை. கொஞ்ச நேரம் சாமியைப் பார்த்தார், அப்புறம் பெக் ஹூனைப் பார்த்தார்.

"கேளும்மா. நோட்டுல கடைக்கு ஒரு பேருதான். ஆம்பளை பேருதான் இருக்கணும்னு எங்கயும் எழுதலை, அது நம்ம வழக்கம், அவ்வளவுதான். ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, இன்னைக்கு விழுந்த ஏழு செல்லாது, கலசம் ஆ லாய்க்கு. தியாம் சூ பேரு நோட்டுல அப்படியே இருக்கட்டும். அடுத்த வருஷமும் கூப்பிடுவோம், நாங்க யாரும் எதுவும் சொல்ல மாட்டோம். அவன் எனக்கும் வேண்டியவன்தான். விழுந்தா எண்ண மாட்டோம், அவ்வளவே."

"இன்னொண்ணு?"

"அவன் பேரை நீயே உன் கையால அடி. உன் பேரை எழுது. உன் பேருக்குப் போடுவோம். ஆ லாயைத் தாண்டினா கலசம் உனக்கு. தாண்டலைன்னா அவனுக்கு. ஆனா அடிச்ச பேரை மறுபடி எழுத முடியாது. ரெண்டு பேரும் ஒரே கடையில நிக்க முடியாதும்மா."

பெயர்ப் பட்டியல் சிவப்புக் காகிதத்தில் தூணில் ஒட்டியிருந்தது. அவள் அதன் முன்னால் போய் நின்றாள். நாற்பத்தொன்றாவது வரி. ஒன்பது வருஷமாக இந்த ஒரு வரிக்காகத்தான் வருஷம் முழுக்கக் காத்திருந்தாள். காப்பிக் கடையில் இப்போது யாரும் அவரைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளை குட்டி இல்லை. அவரை உரக்கக் கூப்பிடுகிற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். தலைவரே முகம் கொடுத்துச் சொல்லிவிட்டார், அடுத்த வருஷமும் கூப்பிடுவார்கள், அதற்கடுத்த வருஷமும். தலையை ஆட்டினால் போதும்.

பின்னாலிருந்து வெய் கியாட் தயங்கித் தயங்கிக் கேட்டான். "ஆன்ட்டி, ஒருவேளை எழுதறதா இருந்தா... உங்க முழுப் பேரு என்ன?"

அவள் திரும்பி மொய்யைப் பார்த்தாள். முப்பது வருஷச் சிநேகிதி. மொய் வாயைத் திறந்தாள், மூடினாள். "ஹூன்... ஹூன்தானே? குடும்பப் பேரு... அடியேய், நீ சொன்னதே இல்லையே!" கோங் சான் தலையைச் சொறிந்தார். ஆ லாய் தரையைப் பார்த்தான். சந்தையில் அறுபத்துமூன்று கடை. ஒருத்தருக்கும் தெரியவில்லை.

பெக் ஹூனுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. இவர்கள் மேலா, முப்பத்தைந்து வருஷமாக அந்தக் கடைக்குத் தன் பேரைக் கொடுத்து அவள் பேரை விழுங்கிவிட்டுப் போன அந்த வாயாடி மேலா, வாயைத் திறக்காமல் தவ்கே அள்ளிக்கொண்டிருந்த தன் மேலேயா? தினமும் எத்தனை கிலோ நிறுத்தாள், எத்தனை பேருக்குச் சில்லறை கொடுத்தாள்! ஒருத்தராவது கேட்டார்களா? சரி, நீயாவது சொன்னாயா?

"மார்க்கரைக் குடு" என்றாள்.

அவர் பேரின் மேல் கோடு போட்டாள். கோடு நேராக வரவில்லை. யோ தியாம் சூ என்ற மூன்று சீன எழுத்தின் மேலும் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திப் போனாள். அப்புறம் பக்கத்தில் எழுதினாள். கடைசியாகத் தன் பேரை எழுதியது கல்யாணப் பதிவேட்டில்தான் என்பதால் கோணல்மாணலாக வந்தது.

கோங் சான் கட்டைகளைக் குனிந்து எடுத்தார். "நானே போடட்டுமா?"

"வேண்டாம் அண்ணே. நானே போடறேன்."

அவள் மண்டியிட்டாள். வெய் கியாட் காகிதத்தைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கில் கூப்பிட்டான். "சுவா பெக் ஹூன்!"

அந்தச் சத்தம் தகரக் கூரையில் பட்டு, தெருவைத் தாண்டி, காப்பிக் கடை வரைக்கும் போனது. அவள் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு போட்டாள்.

ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. ஆமாம்.

"ஒண்ணு!" என்று கத்தியவள் மொய். இரண்டாவதற்குப் பெண்கள் பகுதி முழுக்கக் கத்தியது. தங்கக் காகிதத்தை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மூன்று. ஆ லாய் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தான். நாலு. முழங்கால் வலித்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. இன்னும் இரண்டே இரண்டு வேண்டும்.

ஐந்தாவது போட்டாள். ஒரு கட்டை உருண்டையாக உட்கார்ந்தது. இன்னொன்று சுழன்றது, சுழன்றது, விழுவதா வேண்டாமா என்று யோசிப்பது போல நின்று, அதுவும் உருண்டையாக விழுந்தது.

இல்லை.

மொய் அழுதாள். பெக் ஹூன் கட்டைகளை எடுத்து, லேசாகத் துடைத்து, இரண்டு கையாலும் கோங் சானிடம் கொடுத்தாள். மிச்சமிருந்த இருபத்திரண்டு பேரில் யாருக்கும் மூன்றைத் தாண்டவில்லை. கலசம் ஆ லாய்க்குப் போனது. அவன் அதை ஏந்திக்கொண்டு நடக்கும்போது அவள் பக்கம் வந்து நின்றான். "அடுத்த வருஷம் போடுங்க, பெக் ஹூன் அண்ணி" என்று மட்டும் சொன்னான். அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மஞ்சள் குடை ஆ லாயின் தலைக்கு மேல் அசைந்து அசைந்து போனது.

அவள் ஊர்வலத்துக்குப் போகவில்லை. பாக்கியிருந்த காகிதத்தை மடித்து முடித்துவிட்டு, பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்தாள். தவ்கேத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அரிசி கழுவி வைத்தாள். பிறகு கூடத்தில் தியாம் சூவின் படத்துக்கு முன்னால் மூன்று ஊதுபத்தி ஏற்றிவிட்டு, வழக்கம்போல உடனே திரும்பாமல் நின்றாள். படத்தில் அவர் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு.

அடித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று சொல்ல வேண்டும். வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவள் சொன்னது வேறு.

"ரொம்பப் பெருமைப்படாதீங்க" என்றாள். "ஏழு வாங்க நீங்க சாக வேண்டியிருந்துச்சு. நான் உசிரோடயே நாலு வாங்கிட்டேன்."